கடல்நீரை நன்னீராக்கும் ஆய்வு நிலையம்: திருகோணமலையை முன்வைத்து ஒரு பாடம்

மாணவர்களே,

திருகோணமலை மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் முதலில் உப்புவெளி, அதற்கப்பால் நிலாவெளி. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் உப்பளங்களும் உள்ளன. நகருக்குத் தெற்கே கொட்டியாரக்குடா. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து அந்தக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. ஆண்டு மழைவீழ்ச்சியும் 1,500 மில்லிமீற்றருக்கு மேல். ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்க்கத் தொடங்கும். மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதங்களில் பெய்து முடிந்துவிடுவதே காரணம்.

விஞ்ஞானப் பாடத்தில் வரும் பிரசாரணம், ஆவியாதல், ஒடுங்கல், மறைவெப்பம் ஆகியவற்றையும் புவியியலில் வரும் நீர்வளத்தையும் சேர்த்துப் படிப்பதற்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. இவற்றைத் தனித்தனியே பாடமாக்கி வைத்திருக்கும் மாணவர் பலர், 'உமது பிரதேசத்தின் பிரச்சினை ஒன்றுக்கு விஞ்ஞானரீதியான தீர்வொன்றை முன்வைக்குக' என்ற வகை வினா வந்தால் திணறுகிறார்கள். ஆகவே நாம் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடல்நீரை நன்னீராக்குவது பற்றி ஆராயும் பல்கலைக்கழக நிலையம் ஒன்றைத் திருகோணமலையில் அமைக்க வேண்டுமானால் என்னென்ன யோசிக்க வேண்டும்? இது பயிற்சிக்காக நாமே வகுக்கும் திட்டம். இதில் வரும் இடங்களும் அளவுகளும் மட்டும் உண்மையானவை.

கிணற்றிலிருந்து தொடங்குவோம்

கரையோர மணலுக்குக் கீழே மழைநீர் தேங்கி நிற்கிறது. அதற்கும் கீழே கடல்நீர். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிறாம். கடல்நீரினது ஏறத்தாழ 1,025. ஆகையால் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. இந்த அடர்த்தி வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிட்டால், நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திலும் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் அதன் அடிப்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை இருக்கும். 1,000 ஐ 25 ஆல் வகுத்தால் 40 என்பதைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை அரை மீற்றர் தாழ்த்தினால் கீழேயிருந்து உவர்நீர் 20 மீற்றர் மேலே ஏறிவர இடமுண்டு.

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது கிழக்குக் கரையோரக் கிணறுகளில் கடல்நீர் மேலிருந்தும் புகுந்தது. கிணற்றைச் சுத்தம் செய்வதாக நினைத்துத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் உப்பு குறையவில்லை. சில இடங்களில் கூடியது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை ஏன் எதிராகப் போயிற்று என்பதற்கு விடை மேற்சொன்ன 40 மடங்குக் கணக்கில் இருக்கிறது. அதன் பின்னர் பெய்த பருவமழைகளே அக்கிணறுகளின் உப்பைப் படிப்படியாகக் கழுவின. ஆய்வு என்பது வேலை தொடங்குவதற்கு முன்னர் வேண்டியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் கரையில் கிடைப்பது அரிது.

கொதிக்க வைத்தால் போதாதா?

கடல்நீர் 1 கிலோகிறாமில் ஏறத்தாழ 35 கிறாம் உப்புகள் கரைந்துள்ளன. கொதிக்க வைத்து ஆவியை ஒடுக்கினால் உப்பு பாத்திரத்தில் தங்கிவிடும். 9 ஆம் தரத்திலேயே இது எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். செலவைக் கணித்துப் பாருங்கள்.

28 செல்சியஸில் உள்ள 1 கிலோகிறாம் நீரை 100 செல்சியஸுக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பம்: 4.2 × 72 = 302 கிலோயூல்.
அதை ஆவியாக்க வேண்டிய வெப்பம்: 2,260 கிலோயூல்.
கூட்டுத்தொகை: 2,562 கிலோயூல்.

1 கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர் நீருக்கு 2,562,000 கிலோயூல். 1 கிலோவாற்று மணித்தியாலம் என்பது 3,600 கிலோயூல். வகுத்தால் ஏறத்தாழ 710 கிலோவாற்று மணித்தியாலம் வரும். வீட்டு மின்பட்டியல் ஒன்றை எடுத்து மாத அலகுகளைப் பாருங்கள். பல குடும்பங்கள் பல மாதங்களுக்குப் பாவிக்கும் மின்சாரம் ஒரு தாங்கி நீருக்குப் போய்விடும்! வளைகுடா நாடுகளின் பெரிய ஆலைகள் ஒடுங்கும் ஆவியின் வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி இச்செலவைப் பல மடங்கு குறைக்கின்றன. அப்படிச் செய்தாலும் எரிபொருள் மலிவாகக் கிடைக்கும் நாடுகளுக்கே அது பொருந்தும்.

(கன்னியா வெந்நீரூற்றைப் பயன்படுத்தினால் என்ன என்று ஒவ்வோராண்டும் சில மாணவர் எழுதுகிறார்கள். அங்குள்ள நீரின் வெப்பநிலை 40 செல்சியஸ் அளவுதான், ஊற்றும் சிறியது. யோசனை பிழையன்று, அளவுதான் போதாது. அளவைக் கேட்டுப் பழகுங்கள்.)

மென்சவ்வும் ஒரு பல்கலைக்கழகக் கதையும்

தேர்ந்து புகவிடும் மென்சவ்வு ஒன்றின் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் உப்புநீரும் இருந்தால் நீர் மூலக்கூறுகள் நன்னீர்ப் பக்கத்திலிருந்து உப்புநீர்ப் பக்கம் செல்லும். இது பிரசாரணம். உப்புநீர்ப் பக்கத்தில் போதிய அமுக்கத்தைப் பிரயோகித்தால் நீர் எதிர்த்திசையில் வரும். இது நேர்மாறு பிரசாரணம். கடைகளில் 'ஆர்.ஓ. இயந்திரம்' என்று விற்பது இதைத்தான்.

கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 27 வளிமண்டல அமுக்கம். 10 மீற்றர் உயர நீர்நிரல் 1 வளிமண்டல அமுக்கத்துக்குச் சமன் என்பதால், ஏறத்தாழ 270 மீற்றர் உயர நீர்நிரல் ஒன்றைச் சவ்வின் மேல் நிறுத்துவதற்கு ஒப்பான அமுக்கம் அது. நடைமுறையில் 55 முதல் 70 வரை தேவைப்படுகிறது. அப்படியிருந்தும் இன்றைய நல்ல ஆலைகளில் 1 கனமீற்றருக்கு 3 முதல் 4 கிலோவாற்று மணித்தியாலம் மின்சாரமே செலவாகிறது. 710 எங்கே, 4 எங்கே! நீரை ஆவியாக்காமலேயே உப்பைப் பிரிப்பதால் மறைவெப்பம் தேவைப்படவில்லை என்பதே இதன் இரகசியம்.

இந்தச் சவ்வு பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலேயே பிறந்தது. 1950களில் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் றீட் என்பவரும் அவரது மாணவர்களும் செலுலோசு அசற்றேற்றுப் படலம் உப்பைத் தடுப்பதைக் கண்டார்கள். ஆனால் நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது, பயனில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் அதே படலத்தை வேறுவிதமாகத் தயாரிக்க முயன்றனர். கடையில் வாங்கிய படலம் ஒன்றைச் சோதித்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. ஒரு பக்கத்தை மேலே வைத்தால் உப்பு தடுபட்டது. மறுபக்கத்தை வைத்தால் தடுபடவில்லை. வேறு யாராவது இருந்தால் 'பரிசோதனை பிழைத்துவிட்டது' என்று விட்டிருக்கக்கூடும். அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரியில்லாத சவ்வு, அதாவது மேலே மிக மெல்லிய அடர்ந்த தோலும் கீழே துளைகள் நிறைந்த தடித்த பகுதியும் கொண்ட சவ்வே தேவை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. 1960 அளவில் அத்தகைய சவ்வை அவர்களே உருவாக்கினர். 1965 இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிறு நகரில் முதல் நேர்மாறு பிரசாரண ஆலை இயங்கத் தொடங்கியது. அதுவரை அந்நகருக்குக் குடிநீர் புகையிரதத்தில் வந்துகொண்டிருந்தது. ஆலை தந்த நீர் நாளொன்றுக்கு 19 கனமீற்றர் மட்டுமே, அதுவும் கடல்நீரிலிருந்தன்று, உவர்ந்த நிலத்தடி நீரிலிருந்து. இன்று உலகின் பெரும் ஆலைகளில் உள்ள சவ்வுகள் அந்தச் சிறு ஆலையின் வழிவந்தவை.

ஆலை வேறு, ஆய்வு நிலையம் வேறு

மாணவர் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் குழப்பம் இது. ஆலை நீர் தரும். ஆய்வு நிலையம் விடை தரும். நமது நாட்டிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

யாழ்ப்பாண மாவட்டத்தில் வடமராட்சி கிழக்கில் உள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதே முதல் திட்டமாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயல்களுக்கு நீர் போதாது என்று எதிர்த்தார்கள். அதன் பின்னரே கடலை நோக்கித் திரும்பினர். அப்போது கரையோர மீனவர் எதிர்த்தார்கள். ஆலையிலிருந்து வெளியேறும் செறிந்த உப்புநீர் மீன்வளத்தைப் பாதிக்கும் என்பது அவர்களது அச்சம்.

அந்த அச்சத்தை எண்ணில் பார்ப்போம். லீற்றருக்கு 35 கிறாம் உப்புள்ள கடல்நீர் 100 லீற்றரை உள்ளெடுத்து 40 லீற்றர் நன்னீர் பெறுகிறோம் எனக் கொள்வோம். உப்பு மொத்தம் 3,500 கிறாம். அது முழுவதும் மீதி 60 லீற்றரில் தங்கும். 3,500 ஐ 60 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 58 கிறாம். இந்நீர் அடர்த்தி கூடியது. நன்றாகக் கலக்காவிட்டால் கடலடியில் படிந்து ஊர்ந்து செல்லும். எவ்வளவு தூரம், எந்த மாதத்தில், எந்த நீரோட்டத்தில் என்பதை அந்தந்தக் கரையில் அளந்துதான் சொல்ல முடியும். வெளிநாட்டுக் கடலொன்றில் செய்த அளவீடு மீனவருக்கு விடையாகாது. ஆலை கட்டும் கம்பனி இதை ஆண்டுக்கணக்கில் இருந்து அளக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இங்கேதான் பல்கலைக்கழக நிலையம் வேண்டும்: இரு தரப்பும் நம்பக்கூடிய எண்களை வைத்திருக்கும் இடம்.

பேராதனையில் உள்ள நிலையம் இன்னோர் உதாரணம். வடமத்திய மாகாணத்தில் காரணம் சரியாக அறியப்படாத நீண்டகால சிறுநீரக நோய் பரவியபோது, அங்குள்ள கிணற்று நீரைச் சுத்திகரிக்க நூற்றுக்கணக்கான சிறு நேர்மாறு பிரசாரணத் தொகுதிகள் பொருத்தப்பட்டன. 2015 இன் இறுதியிலிருந்து இலங்கைக் கடற்படையும் இவற்றைத் தானே தயாரித்து அமைத்தது. இந்தப் பின்னணியில்தான் சீன விஞ்ஞானக் கழகத்தின் ஒத்துழைப்போடு நீர்த் தொழில்நுட்பத்துக்கான சீன-இலங்கைக் கூட்டு ஆய்வு நிலையம் பேராதனையில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து உருவாயிற்று. ஓர் இடத்தின் கேள்வியே ஒரு நிலையத்தை வரவழைத்தது. சவூதி அரேபியாவில் செங்கடலோரம் 2009 இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நன்னீராக்கலுக்கென ஒரு நிலையம் இருப்பதற்கும் அதுவே காரணம். ஆறே இல்லாத நாடு அது.

அப்படியானால் திருகோணமலையின் கேள்வி என்ன?

இங்கே நிதானமாக வாசியுங்கள். பேராதனையில் கேட்க முடியாத, தாளையடியிலும் கேட்க முடியாத கேள்வி ஒன்று திருகோணமலையில் உண்டு.

மார்ச் முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆழ்கடல் விலங்கு ஏன் கரைக்கு இவ்வளவு அருகில் வருகிறது? கொட்டியாரக்குடாவிலிருந்தே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு இறங்குகிறது. வேறு இடங்களில் பல கிலோமீற்றர் தூரம் சென்றாலே கிடைக்கும் ஆழம் இங்கே கரையருகிலேயே கிடைக்கிறது. ஆழம் என்றால் குளிர். மேற்பரப்பு நீர் 28 செல்சியஸ் அளவில் இருக்க, 350 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 12 செல்சியஸ்தான்.

இந்த 16 பாகை வித்தியாசத்தால் என்ன செய்யலாம்? நுவரெலியாவில் நீர் 94 செல்சியஸ் அளவிலேயே கொதிப்பதை அறிவீர்கள். அங்கே வளிமண்டல அமுக்கம் குறைவு. அமுக்கத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டு போனால், வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 40 இல் ஒரு பங்கில் கடலின் மேற்பரப்பு நீர் அடுப்பே இல்லாமல் ஆவியாகும். அந்த ஆவியை ஆழ்கடலின் குளிர்நீர் ஓடும் குழாய்களில் பட வைத்தால் ஒடுங்கி நன்னீராகும். சூடாக்குவது சூரியன், குளிராக்குவது ஆழ்கடல். பம்பிகளுக்கு மட்டும் மின்சாரம் வேண்டும். இதைத் தாழ்வெப்பநிலை வெப்ப நன்னீராக்கல் என்பர்.

இதைச் செய்து காட்டியவர்கள் நமக்கு அயலவர்கள். சென்னையில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலேயே இயங்கியது, இப்போது பள்ளிக்கரணையில் உள்ளது. ஆழ்கடல் குளிர்நீரைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்வதற்காக 2000களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் அந்நிறுவனம் முயன்றது. ஏறத்தாழ 1 கிலோமீற்றர் நீளமான குளிர்நீர்க் குழாயை இறக்கும்போது அது கைநழுவிப் போயிற்று, திட்டம் நின்றது. பத்திரிகைகளுக்கு அது தோல்விச் செய்தி. அதே குளிர்நீர், அதே குழாய்த் தொழில்நுட்பம், ஆனால் சிறிய அளவு, வேறு நோக்கம் என்று அவர்கள் திரும்பினர். 2005 மே மாதத்தில் இலட்சத்தீவின் கவரத்தித் தீவில் நாளொன்றுக்கு 100,000 லீற்றர் நன்னீர் தரும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆறு இல்லாத பவளத் தீவு அது; கிணற்று நீரும் உவர். கரையிலிருந்து சில நூறு மீற்றர் போனாலே 350 மீற்றர் ஆழம் கிடைத்தது அவர்களுக்கு வசதியாயிற்று. 2007 இல் சென்னைக்கு அப்பால் கடலில் ஒரு மிதவையில் நாளொன்றுக்கு 1,000,000 லீற்றர் தரும் பரிசோதனை ஆலையை நிறுத்தினர். 2011 இல் மினிக்கோய், அகத்தி தீவுகளுக்கும் ஆலைகள் கிடைத்தன.

இனிக் கணக்கு. மேற்பரப்பு நீர் வெற்றிட அறையில் 28 இலிருந்து 22 செல்சியஸுக்குக் குளிர்கிறது எனக் கொள்க. 1 கிலோகிறாம் நீர் இழக்கும் வெப்பம் 4.2 × 6 = 25.2 கிலோயூல். இந்த வெப்பநிலையில் ஆவியாதலின் தன்மறைவெப்பம் ஏறத்தாழ 2,440 கிலோயூல். ஆகவே ஆவியாகும் பங்கு 25.2 ÷ 2,440, அதாவது 100 இல் 1 பங்கு. 100,000 லீற்றர் நன்னீர் பெற 10,000,000 லீற்றர் கடல்நீரைப் பம்ப வேண்டும்!

இது குறையா, நிறையா? இரண்டும்தான். பம்பிச் செலவு கூடும் என்பது குறை. திரும்பிக் கடலுக்குப் போகும் நீரின் உப்பு 35 கிறாமிலிருந்து 35.4 கிறாம் வரைதான் ஏறும் என்பது நிறை. தாளையடி மீனவர் அஞ்சிய 58 கிறாமோடு ஒப்பிடுங்கள். ஆனால் உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். ஆழ்கடல் நீரில் நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற போசணை உப்புகள் அதிகம். அதை மேற்பரப்பில் கொண்டுவந்து விட்டால் அல்காக்கள் பெருகலாம். குடாவுக்குள்ளே விடுவதா, ஆழத்துக்குத் திருப்பி அனுப்புவதா? இது திருகோணமலையில் இருந்தே ஆராய வேண்டிய வினா.

எங்கே, எதைக்கொண்டு, யாரால்?

இடம் தெரிவு செய்யும்போது பலர் 'இயற்கைத் துறைமுகம் இருப்பதால் துறைமுகத்துக்குள் அமைக்கலாம்' என்று எழுதுவர். உள்ளெடுக்கும் நீரைப் பொறுத்தவரை இது மோசமான தெரிவு. உட்துறைமுகம் அலையின்றி அமைதியானது, கப்பல்களுக்கு நல்லது. ஆனால் அமைதியான நீர் விரைவாக மாறாது. கப்பல்களின் எண்ணெயும் கரைத் தொழிற்சாலைகளின் கழிவும் அங்கே தங்க வாய்ப்புண்டு. எண்ணெய் சிறிதளவு பட்டாலும் சவ்வு கெட்டுவிடும். கொட்டியாரக்குடாவிலோ வேறொரு சிக்கல். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மகாவலி வண்டலைக் கொண்டுவந்து கொட்டும்; உப்பின் செறிவும் இறங்கும். ஒரே இடத்தில் ஆண்டில் சில மாதங்கள் கலங்கல், சில மாதங்கள் தெளிவு. ஆலை கட்டுபவருக்கு இது தலைவலி, ஆய்வாளருக்கோ வாய்ப்பு. சவ்வு எந்த மாதத்தில் எவ்வளவு விரைவில் அடைபடுகிறது என்பதை ஒரே கடலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குளிர்நீர்க் குழாய் எளிதில் உடையும் பகுதி என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கமாகவே கரையைக் கடந்தது. குழாயை வடிவமைப்பவர் இத்தகைய நாளை மனதில் வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். குடாவின் தென்கரையில் சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துக்கான ஆரம்ப நிகழ்வு 2025 ஏப்பிரலில் நடந்தது. சூரிய மின்சாரம் பகலில் மட்டும் கிடைப்பது. நேர்மாறு பிரசாரணத் தொகுதியோ தொடர்ச்சியாக இயங்குவதையே விரும்பும். அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் சவ்வின் ஆயுள் குறையும். மின்சாரத்தைச் சேமிப்பதா, நீரைச் சேமிப்பதா? தாங்கி மலிவு, மின்கலம் விலை என்பது மட்டும் உங்களுக்கே தெரியும்.

ஆட்கள் இல்லாமல் கட்டடம் மட்டும் இருந்தால் அது களஞ்சியமாகிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கடலுக்கு அருகில் உள்ளது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. பொறியியல் பீடத்துக்கு ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தையோ நாட வேண்டும். நீரை இறுதியில் மக்களுக்கு வழங்குவது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களைத் திட்டம் முடிந்த பிறகு கூப்பிடாமல் அளவீடு தொடங்கும் நாளிலேயே சேர்க்க வேண்டும். கடலின் நிறமும் ஓட்டமும் மாறுவதை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே. நிதியைப் பற்றி ஒரு வரி: முதலில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் லீற்றர் தரும் சோதனைத் தொகுதியும், நீரின் தரத்தை அளக்கும் நல்ல ஆய்வுகூடமும் போதும். கோலிங்காவில் தொடங்கியதும் 19 கனமீற்றரில்தான்.

இது திருகோணமலைக்குத் தேவைதானா?

தேவையில்லை என்று வாதிடும் மாணவருக்கும் புள்ளி உண்டு, காரணம் காட்டினால். திருகோணமலை நகரின் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அக்குளத்துக்கு மகாவலித் திட்டத்தின் நீரும் மின்னேரியா வழியாக வந்து சேர்கிறது. குளத்து நீரைச் சுத்திகரிப்பதற்கு ஆகும் செலவு கடல்நீரை நன்னீராக்குவதற்கு ஆகும் செலவிலும் மிகக் குறைவு. நகர் முழுவதற்கும் பெரிய கடல்நீர் ஆலை என்பது இன்றைய நிலையில் அவசியமற்றது என்பதே நமது கருத்தும்.

ஆனால் ஒரே குளத்தில் தங்கியிருப்பதன் ஆபத்தையும் இம்மாவட்டம் அறியும். 1986 ஏப்பிரல் 20 ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குழாய்நீர் எட்டாத கரையோரக் கிராமங்களும், உவர்ந்த கிணற்றையே நம்பியிருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உவர்நீரைச் சுத்திகரிக்கும் சிறிய, பழுதுபார்க்கக்கூடிய தொகுதிகள். உவர்நீரில் உப்பு குறைவாதலால் தேவைப்படும் அமுக்கமும் குறைவு, செலவும் குறைவு. ஆகவே அந்த ஆய்வு நிலையத்தின் முதல் வேலை ஆழ்கடல் குழாயா, கிராமக் கிணறா என்று கேட்டால், கிணறு என்றே நாம் எழுதுவோம். நீங்கள் மாறாக எழுதலாம், எண்களோடு எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பிரசாரணத்துக்கும் நேர்மாறு பிரசாரணத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக. பெயரிட்ட வரிப்படம் ஒன்றும் வரைக.

2. கடல்நீரைக் கொதிக்க வைத்து நன்னீர் பெறுவதிலும் நேர்மாறு பிரசாரணத்தின் மூலம் பெறுவதில் சக்திச் செலவு மிகக் குறைவாயிருப்பது ஏன்? மறைவெப்பம் என்ற சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.

3. லீற்றருக்கு 35 கிறாம் உப்புள்ள கடல்நீர் 100 லீற்றரிலிருந்து 50 லீற்றர் நன்னீர் பெறப்படுமாயின் வெளியேறும் நீரின் உப்புச் செறிவு யாது? 40 லீற்றர் பெறும்போது வரும் செறிவுடன் ஒப்பிட்டு, மீன்வளத்துக்கு எது பாதுகாப்பானது எனக் கூறுக.

4. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரும் ஆலை ஒன்றில் 1 கனமீற்றருக்கு 4 கிலோவாற்று மணித்தியாலம் செலவாகிறது எனக் கொண்டு, அதன் நாளாந்த மின் தேவையைக் காண்க.

5. தாழ்வெப்பநிலை வெப்ப நன்னீராக்கலுக்குத் திருகோணமலைக் கடல் பொருத்தமானது. புத்தளம் கடனீரேரி பொருத்தமற்றது. காரணம் தருக.

6. கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு கிணற்று நீர் கோடையில் உவர்க்கிறது. கிணற்றை ஆழமாக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் கூறுகிறார். அவருக்கு நீர் கூறும் பதில் யாது?

விடைக்கு உதவி: 3 ஆம் வினாவில் செறிவு லீற்றருக்கு 70 கிறாம். 4 ஆம் வினாவில் 96,000 கிலோவாற்று மணித்தியாலம். 5 ஆம் வினாவில் 'ஆழம்' என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. ஆழம், அதனால் குளிர், அதனால் ஆவி ஒடுங்குதல் என்று மூன்று படியும் வர வேண்டும். 6 ஆம் வினாவுக்கு நன்னீரும் உவர்நீரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் படத்தை வரைந்து, ஆழமாக்கிய கிணற்றின் அடி எதைத் தொடும் என்று அதில் குறித்துக் காட்டுக.